ஐந்து நாள் மருந்தை ஒரே இரவில் விழுங்கலாமா?

ஃபார்மசி மாணவர்களின் படிப்பு, நேரம், தூக்கம்: ஒரு சிறப்புக் கட்டுரை

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் முக்கியமானது மெத்தோட்ரெக்சேட். இதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். கூடவே ஃபோலிக் அமிலமும் எழுதிக் கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை என்பது நோயாளிக்குப் புரியாமல் போய், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை போல இதையும் தினமும் விழுங்கிவிட்டால் வாயெல்லாம் புண்ணாகும். எலும்பு மஜ்ஜை செயலிழந்து ரத்த அணுக்கள் சரியும். உயிரே போகலாம். உலகின் பல நாடுகளில் இந்தத் தவறு நடந்திருக்கிறது, உயிர்களும் போயிருக்கின்றன.

சீட்டை எழுதியவர் டாக்டர். ஆனால், மாத்திரையை நோயாளியின் கையில் கொடுப்பவர் மருந்தாளுநர். “அம்மா, இது வாரத்துக்கு ஒண்ணுதான். எந்தக் கிழமைன்னு அட்டையில எழுதித் தர்றேன்” என்று அவர் சொல்லும் ஒரு வரி ஓர் உயிரைக் காக்கும். கவுன்ட்டரில் ஏழெட்டுப் பேர் காத்துக்கொண்டிருக்கும்போது புத்தகத்தைப் புரட்ட முடியாது. மருந்தின் பெயரைப் பார்த்த கணத்தில் அந்த எச்சரிக்கை தானாக மனதில் எழ வேண்டும்.

பி.ஃபார்ம் மாணவர் இந்த மருந்தை ஐந்தாம் செமஸ்டர் பார்மகாலஜியில் படிக்கிறார். எப்படிப் படித்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தேர்வுக்கு முந்தின இரவு ஒன்றரை மணிக்குக் கண் எரிய வாசித்து, மறுநாள் தாளில் கொட்டிவிட்டு வந்தவருக்கு மார்க் கிடைத்திருக்கும். நான்கு வருடம் கழித்துக் கவுன்ட்டரில் அது நினைவுக்கு வருமா? ஃபார்மசி மாணவரின் படிக்கும் பழக்கத்தை மதிப்பெண் விவகாரமாக மட்டும் பார்க்க முடியாதது இதனால்தான். அது நோயாளியின் பாதுகாப்பையும் சேர்ந்தது.

ஒரு செமஸ்டரின் கணக்கு

இந்த மாணவர்களுக்கு நேரம் ஏன் போதவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்திய பார்மசி கவுன்சில் வகுத்த பாடத்திட்டப்படி பி.ஃபார்ம் நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். பட்டம் பெறக் குறைந்தது 208 கிரெடிட் வேண்டும். ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 100 வேலை நாள். கேட்பதற்கு 100 பெரிய எண்ணாகத் தெரியும். அதற்குள் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு செஷனல் (இன்டர்னல் தேர்வு) வந்துவிடும். நடுவில் பொங்கல், தீபாவளி, கல்லூரி விழா எல்லாம் வரும். கல்லூரி திறந்து மூச்சுவிடுவதற்குள் முதல் செஷனல் கதவைத் தட்டும்.

முதல் செமஸ்டரையே எடுத்துக்கொள்வோம். உடற்கூறியலும் உடலியங்கியலும், பார்மசூட்டிக்கல் அனாலிசிஸ், பார்மசூட்டிக்ஸ், கனிம வேதியியல் என்று நான்கு கனமான பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் வாரம் 4 மணி நேர லேப். ஆக வாரத்தில் 16 மணி நேரம் லேபிலேயே நின்றபடி போய்விடும். இது போக தகவல் தொடர்புத் திறன் பாடம். பிளஸ் டூவில் கணிதம் படித்தவருக்கு ரெமடியல் பயாலஜி, உயிரியல் படித்தவருக்கு ரெமடியல் மேத்ஸ். பதினேழு, பதினெட்டு வயதில், பலரும் முதல்முறையாக வீட்டைவிட்டு வந்திருக்கும் நேரத்தில் இத்தனையும் ஒன்றாக வந்து விழுகின்றன.

மதிப்பெண் முறையைக் கூர்ந்து பார்த்தால், அதுவும் அன்றாடப் படிப்பைத்தான் கேட்கிறது. தியரியில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 25-ல் செஷனலுக்கு 15, தொடர் மதிப்பீட்டுக்கு 10. இந்தப் பத்தில் வருகைப்பதிவுக்கு மட்டும் 4. வருகை 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நான்கும் கிடைக்கும். 80-ஐ ஒட்டி நின்றால் ஒன்றுதான். 80-க்குக் கீழே போனால் தேர்வெழுதும் தகுதியே கேள்விக்குறி. பிராக்டிகலில் இன்டர்னல் 15, தேர்வு 35. அதிலும் ரெக்கார்டுக்கும் (லேப் குறிப்பேடு) வைவாவுக்கும் (வாய்மொழித் தேர்வு) தனி மார்க் உண்டு. தேர்ச்சிக்கு 50 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் கைவிட்டவர் அந்தப் பள்ளத்தையும் செமஸ்டர் தேர்வில்தான் நிரப்பியாக வேண்டும்.

அடுத்தது அரியர். முதல் இரண்டு செமஸ்டர் பாடங்களையும் முழுதாக முடிக்காதவர் ஐந்தாம் செமஸ்டர் வகுப்பில் உட்கார முடியாது என்பது விதி. ‘ஒண்ணுதானே, அடுத்த முறை பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவைத்த உடலியங்கியல், மூன்றாம் ஆண்டின் வாசலில் குறுக்கே நிற்கும். ஒரு வருடம் வீணாவதன் வலி கல்விக் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

டி.ஃபார்ம் மாணவர்களுக்கும் ஃபார்ம்.டி மாணவர்களுக்கும் கதை வேறு. அவர்களுக்கு ஆண்டுத் தேர்வு. தேர்வு தூரத்தில் இருப்பதால் முதல் ஆறு மாதம் அவசரமே தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. டி.ஃபார்ம் இரண்டு ஆண்டுப் படிப்பு. அதன்பின் 500 மணி நேரப் பயிற்சி. மருந்தாளுநராகப் பதிவு செய்வதற்கு எக்ஸிட் தேர்வு வேண்டும் என்று 2022-ல் விதியும் வந்திருக்கிறது. ஃபார்ம்.டி ஆறு ஆண்டு. அதில் கடைசி ஆண்டு இன்டர்ன்ஷிப். வார்டு ரவுண்ட்ஸ், கேஸ் பிரசன்டேஷன் என்று மருத்துவமனையில் நின்றுவிட்டு, மாலையில் களைத்துத் திரும்பித்தான் புத்தகத்தை எடுக்க வேண்டும்.

இரவைத் தின்னும் ரெக்கார்டு

ஹாஸ்டல் வராந்தாவில் இரவு பதினொரு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். புத்தகத்தோடு இருப்பவர்களைவிட ரெக்கார்டோடு உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம். ஆறு பரிசோதனை பாக்கி, நாளைக்கு சைன் வாங்கக் கடைசி நாள். ஒருவர் எழுதியதைப் பார்த்து நால்வர் எழுதுகிறார்கள். தலைப்பு, கொள்கை, செய்முறை, கணக்கீடு, முடிவு எல்லாமே அச்சு அசலாக நகரும். கை மட்டும் வேலை செய்யும், மனம் அதில் இருக்காது. மூன்று மணி நேரம் எழுதிய பிறகும் மண்டையில் ஒன்றும் ஏறியிருக்காது.

ரெக்கார்டு உண்மையில் மிக நல்ல கருவி. அதை எழுதும் நேரம்தான் தவறு. லேப் முடிந்த அன்று மாலை எழுதினால் ஒரு பரிசோதனைக்கு முப்பது, நாற்பது நிமிடம் போதும். நிறம் மாறியது, வீழ்படிவு வந்தது, கணக்கு இடித்தது எல்லாம் கண்ணிலேயே நிற்கும். மூன்று வாரம் கழித்து எழுதினால் அதே பரிசோதனை அந்நியமாகிவிடும். பிறகு காப்பி அடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கனிம வேதியியல் லேபில் முதலில் வருவது குளோரைடு லிமிட் டெஸ்ட். ஒரு மருந்துப் பொருளில் குளோரைடு மாசு அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இரண்டு நெஸ்லர் சிலிண்டர்கள். ஒன்றில் சோதிக்க வேண்டிய பொருளின் கரைசல், மற்றதில் அளவு தெரிந்த குளோரைடு. இரண்டிலும் நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு சில்வர் நைட்ரேட். கலக்கிவிட்டு வெளிச்சம் படாமல் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். அதன்பின் கறுப்புப் பின்னணியில் பிடித்து எதில் கலங்கல் அதிகம் என்று ஒப்பிட வேண்டும்.

அந்த ஐந்து நிமிடத்தில் பெரும்பாலானவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் ஒரு மாணவி தன்னையே கேட்டுக்கொள்ளலாம்: நைட்ரிக் அமிலம் எதற்கு? கார்பனேட், பாஸ்பேட் போன்றவையும் வெள்ளியோடு சேர்ந்து வீழ்படிவாகும். அமிலம் இருந்தால் அவை கரைந்துபோகும். கலங்கல் வந்தால் அது குளோரைடால் வந்தது என்று நம்பலாம். வெளிச்சம் ஏன் கூடாது? சில்வர் குளோரைடு ஒளி பட்டால் சிதைந்து கறுக்கும், ஒப்பீடு கெட்டுவிடும். இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் பதில் தெரிந்தவருக்கு வைவாவில் பயமில்லை, செய்முறையை உருப்போடும் தேவையுமில்லை. லேபின் 16 மணி நேரத்தில் இப்படிக் காத்திருக்கும் நிமிடங்கள் எத்தனையோ. அவற்றைப் படிப்பு நேரமாக மாற்றிக்கொண்டவருக்கு வீட்டில் சுமை தானாகக் குறையும்.

முந்தின இரவுப் படிப்பு ஏன் தோற்கிறது?

அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, ஐந்து நாள். மொத்தம் 15 கேப்சூல். நான்கு நாள் ஒன்றும் சாப்பிடாமல் ஐந்தாம் நாள் இரவு பதினைந்தையும் சேர்த்து விழுங்கினால் என்ன ஆகும்? ரத்தத்தில் மருந்தின் அளவு ஒரேயடியாக ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். கிருமி பாட்டுக்கு வளரும். இதை முதலாமாண்டு மாணவர்கூடச் சொல்வார். அளவு குறையும் நேரம் பார்த்து அடுத்த வேளை மருந்து உள்ளே போக வேண்டும் என்பது அவர் படிக்கும் பாடம். அதே மாணவர் ஐந்து யூனிட்டையும் தேர்வுக்கு முந்தின இரவில் விழுங்கப் பார்க்கிறார்.

நினைவும் இப்படித்தான் இறங்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்ட நூலில் காட்டினார். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகமாக இருந்தது. ஒரு நாள் முடிவதற்குள் பெரும்பகுதி கரைந்துபோனது. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவு நிலைக்கும் என்பதையும் அவரே கண்டார். மறதிக்கு மருந்து திரும்பப் பார்ப்பது. ஒவ்வொரு முறை பார்த்த பிறகும் மறதியின் வேகம் குறைவதால், அடுத்த முறைக்கு இன்னும் கொஞ்சம் நாள் விடலாம். இன்று படித்ததை நாளை, பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து, பிறகு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அது தேர்வையும் தாண்டி நிற்கும்.

திரும்பப் பார்ப்பது என்றதும் பலர் திரும்ப வாசிக்கிறார்கள். அங்கேதான் இன்னொரு பிசகு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொரு பத்தியை ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை வாசித்த பத்தியே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது. எழுதிப் பார்த்த பத்தியில் 56 சதவீதம் நினைவிருந்தது, இரண்டு முறை வாசித்ததில் 42 சதவீதம்தான்.

முந்தின இரவுப் படிப்பு ஏன் இத்தனை பேரை ஏமாற்றுகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. படித்த உடனே எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். மறுநாள் காலைத் தேர்விலும் ஓரளவு ஒப்பேறும். ‘நமக்கு இதுதான் செட் ஆகுது’ என்ற நம்பிக்கை வரும். அடுத்த செமஸ்டரில் அந்தப் பாடத்தின் மேல்தான் அடுத்த பாடம் ஏறி நிற்கிறது என்று தெரியும்போது கீழே ஒன்றும் இருக்காது. உடலியங்கியல் தெரியாமல் நோய்க்குறியியல் புரியாது, அது புரியாமல் பார்மகாலஜி புரியாது.

2013-ல் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். தன்னையே சோதித்துக்கொள்வதும், படிப்பை நாள்களில் பரப்புவதும்தான் அதிகப் பலன் தருபவை என்று முடிவானது. திரும்பத் திரும்ப வாசிப்பதும், மஞ்சள் ஹைலைட்டரால் கோடிழுப்பதும் குறைந்த பலன் பட்டியலில் சேர்ந்தன. நம் மாணவர்கள் பெரும்பாலும் செய்வது இந்த இரண்டைத்தான்.

மருந்தை எப்படிப் படிப்பது?

பார்மகாலஜி என்றதும் மாணவர்கள் மிரள்வது மருந்துப் பெயர்களைக் கண்டு. நூற்றுக்கணக்கில் வரும். தனித்தனியாக உருப்போட்டால் எவராலும் முடியாது. குடும்பமாகப் பார்த்தால் சுமை பத்தில் ஒன்றாகிவிடும். அட்டனோலால், மெட்டோப்ரோலால், ப்ராப்ரனோலால் எல்லாம் பீட்டா பிளாக்கர்கள். எனாலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ முடிவில் வந்தால் ஏ.சி.இ. தடுப்பான்கள். லோசார்டன், டெல்மிசார்டன் இன்னொரு குடும்பம். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வயிற்று அமிலம் சுரப்பதைத் தடுப்பவை. குடும்பத்தின் வேலையை ஒருமுறை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உறுப்பினர்களிடையே உள்ள வித்தியாசம்தான் மிச்சம்.

அடுத்த படி, காரணத்தைப் பிடிப்பது. ராமிப்ரில் சாப்பிடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இதைப் பக்கவிளைவுப் பட்டியலில் ஒரு வரியாக மனப்பாடம் செய்தால் இரண்டு வாரம்கூடத் தங்காது. ஏன் வருகிறது என்று கேளுங்கள். ஏ.சி.இ. என்ற நொதிக்கு இரண்டு வேலை. ரத்த அழுத்தத்தைக் கூட்டும் ஆஞ்சியோடென்சின் 2-ஐ உருவாக்குகிறது, பிராடிகைனினைச் சிதைக்கிறது. நொதியைத் தடுத்தால் அழுத்தம் குறையும், கூடவே பிராடிகைனின் தேங்கும். அந்தத் தேக்கம் காற்றுப்பாதையை உறுத்தி இருமலைக் கிளப்புகிறது. டெல்மிசார்டன் நொதியைத் தொடாமல் ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் ஏற்பியை அடைக்கிறது. அதனால் அதில் அந்த இருமல் அரிது. ராமிப்ரிலில் இருமல் வந்த நோயாளிக்கு டாக்டர் டெல்மிசார்டனுக்கு ஏன் மாற்றினார் என்பது இப்போது தானாகப் புரியும். ஒரு காரணத்தைப் பிடித்ததில் செயல்முறை, பக்கவிளைவு, மாற்று மருந்து என்று மூன்று கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இதை உறுதிசெய்ய ஒரு வெள்ளைத்தாள் போதும். புத்தகத்தை மூடிவிட்டு மருந்தின் பெயரை நடுவில் எழுதுங்கள். குடும்பம், வேலை செய்யும் விதம், எதற்குக் கொடுப்பது, பக்கவிளைவு, யாருக்குக் கொடுக்கக் கூடாது, நோயாளியிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் என்று ஆறையும் சுற்றிலும் நிரப்புங்கள். எழுத முடியாமல் திணறும் இடம்தான் நீங்கள் திரும்பப் படிக்க வேண்டிய இடம். முழுப் பாடத்தையும் மறுபடி வாசிப்பதைவிட இதில் பாதி நேரம் மிச்சமாகும்.

தமிழ் வழியில் பிளஸ் டூ படித்து வந்தவர்களுக்குத் தனிச் சுமை இருக்கிறது. வகுப்பில் ஆங்கிலம், புத்தகத்தில் ஆங்கிலம், கேள்வித்தாளில் ஆங்கிலம். மற்றவர் ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு இவர்களுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். இதைத் தங்கள் மந்தம் என்று நினைத்துக் கூனிக் குறுகுபவர்கள் உண்டு. அந்த எண்ணத்தை முதல் வாரமே தூக்கி எறிய வேண்டும். முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். நண்பரிடம் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். பிறகு அதே விளக்கத்தை ஐந்தாறு எளிய ஆங்கில வாக்கியத்தில் எழுதிப் பழகுங்கள். புரிந்தது மனதில் இருந்தால் மொழி இரண்டு செமஸ்டரில் கைக்கு வந்துவிடும். ஆங்கிலப் பத்தியைப் புரியாமல் உருப்போட்டால் மொழியும் வராது, மருந்தும் தெரியாது. நாளைக்குக் கவுன்ட்டரில் நோயாளியிடம் தமிழில்தானே சொல்லப் போகிறீர்கள்? அதற்கான ஒத்திகையும் இதிலேயே ஆகிவிடும்.

நேரம் எங்கே இருக்கிறது?

வாரத்துக்கு 168 மணி நேரம். டே ஸ்காலர் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தினம் 7 மணி நேரத் தூக்கத்துக்கு 49. ஆறு நாள் கல்லூரிக்கு, நாளொன்றுக்கு ஏழரை மணி வீதம் 45. போக வர பஸ்ஸில் தினம் 2 மணி நேரம், ஆக 12. குளியல், சாப்பாடு, வீட்டு வேலைக்கு தினம் 3 மணி, ஆக 21. கழித்தால் 41 மணி நேரம் மிச்சம். இதில் 16 மணி நேரத்தைப் படிப்புக்கு எடுத்தால் போதும். மீதி 25 மணி நேரம் விளையாட, சினிமா பார்க்க, சும்மா இருக்க.

எல்லோருக்கும் அந்த 41 கிடைப்பதில்லை. வாரத்தில் ஆறு நாள், மாலையில் மெடிக்கல் ஷாப்பில் நான்கு மணி நேரம் வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் மாணவருக்கு 24 மணி நேரம் அதில் போய்விடும். மிஞ்சுவது 17. அவருக்கு 10 மணி நேரப் படிப்பே பெரிய சாதனை. ஆனால், மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி அவரிடம் இருக்கிறது. கடையில் அவர் கண்ணெதிரே நூறு மருந்துகள் அடுக்கியிருக்கின்றன. இன்று வகுப்பில் நடந்த குடும்பத்தில் எந்தெந்த மருந்து ராக்கில் இருக்கிறது, எந்த அட்டையில் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற ஷெட்யூல் ஹெச் எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது, எதை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள் என்று கவனித்தாலே அந்தப் பாடம் திரும்பப் படித்ததாகிவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆறு மணிக்குக் களைத்து வரும் மகள் பாத்திரம் தேய்த்து, தம்பிக்குத் தோசை ஊற்றி, ஒன்பதரை மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் வீடுகள் இன்னும் ஏராளம். வீட்டு வேலை எல்லோருக்கும் பொது. தம்பியும் தோசை ஊற்றலாம். மகளுக்குத் தினம் இரண்டு மணி நேரத்தை யாரும் கூப்பிடாத நேரமாக ஒதுக்கிக் கொடுங்கள். கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்குச் சமமான உதவி அது.

நேரத் திருட்டில் மீதியெல்லாம் போனில் நடக்கிறது. பாடக் குறிப்பு வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். ஆக வருவதால் போனைத் தூக்கிப் போடவும் முடியாது. ஒரு வழி உண்டு. தேவையான பி.டி.எஃப்.பைக் கல்லூரியிலேயே பிரின்ட் எடுத்துவிட்டு, படிக்கும் நேரத்தில் போனை வேறு அறையில் வைப்பது. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரிலோ 1980-களின் இறுதியில், தான் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த 25 நிமிட முறை இன்று உலகம் முழுவதும் பழக்கத்தில் இருக்கிறது. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. உட்காரவே மனம் வராத நாளில் ஒரே ஒரு சுற்று என்று தொடங்கினால் பெரும்பாலும் இரண்டாவது தானாக வரும்.

பெட்டிச் செய்தி: ஒரு வாரம் இப்படி ஓடட்டும்

கல்லூரி முடிந்த மாலை: அன்று நடந்த வகுப்புகளை நோட்டைப் பார்க்காமல் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். 20 நிமிடம்.

லேப் இருந்த நாள்: அன்றைய ரெக்கார்டை அன்றே முடியுங்கள். 40 நிமிடம். மறுநாள் லேபின் செய்முறையை ஒருமுறை படித்துவிட்டுத் தூங்குங்கள்.

இரவு: கடினமான பாடம் முதலில், 25 நிமிடச் சுற்றில் இரண்டு. எளிய பாடம் பிறகு, ஒரு சுற்று.

பஸ்ஸில்: கூட்டத்தில் புத்தகம் விரிக்க வேண்டாம். காலையில் போகும்போது நேற்றுப் படித்த மருந்துகளை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்.

சனிக்கிழமை மாலை: அரியர் இருந்தால் இந்த மாலை அதற்கு மட்டும். எந்தச் சாக்கும் வேண்டாம்.

ஞாயிறு காலை: பழைய கேள்வித்தாளில் இருந்து, அந்த வாரம் நடந்த யூனிட்டின் கேள்விகளைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். இரண்டு மணி நேரம். எழுதியதை நண்பரோடு மாற்றித் திருத்துங்கள்.

ஞாயிறு மாலை: விடுமுறை. புத்தகத்தைத் தொடாதீர்கள்.

தூக்கத்தை அடகு வைக்காதீர்கள்

தேர்வு நெருங்கினால் ஃபிளாஸ்க் நிறைய டீ வந்துவிடும். காஃபீன் எப்படி வேலை செய்கிறது என்று படித்தவர்களே இதைச் செய்கிறார்கள். மூளையில் அடினோசின் சேரச் சேரத் தூக்கம் வரும். காஃபீன் அந்த அடினோசினின் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. களைப்பு அப்படியே இருக்கும், தெரியாமல் மட்டும் போகும். காஃபீனின் அரை ஆயுள் சுமார் ஐந்து மணி நேரம். இரவு பத்து மணிக்குக் குடித்ததில் பாதி அதிகாலை மூன்று மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படித்து முடித்துப் படுத்தாலும் நல்ல தூக்கம் வராதது அதனால்தான்.

பகலில் படித்ததை மூளை நிலையான நினைவாக மாற்றும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. ஏழு மணி நேரத்தை மூன்றாகக் குறைத்தவர் நான்கு மணி நேரம் கூடுதலாகப் படித்ததாக நினைக்கிறார். படித்ததைச் சேமிக்கும் வேலையை அவரே நிறுத்திவிட்டார். விழித்திருப்பதற்கு மாத்திரை கேட்டு அலையும் பழக்கம் மருந்து படிக்கும் மாணவரிடம் அறவே இருக்கக் கூடாது. சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கற்றுக்கொள்பவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளலாமா?

தேர்வு அறையில் 180 நிமிடம்

படித்தும் மார்க் குறைகிறது என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் நேரப் பங்கீடு இருக்கிறது. 75 மார்க் தாளில் 10 மார்க் கேள்வி இரண்டு, 5 மார்க் கேள்வி ஏழு, 2 மார்க் கேள்வி பத்து. நேரம் மூன்று மணி. முதல் 10 மார்க் கேள்விக்கே 45 நிமிடம் கொட்டி, ஆறு பக்கம் எழுதி, படம் வரைந்து வண்ணமும் தீட்டுபவர் கடைசியில் நான்கைந்து 2 மார்க் கேள்விகளைத் தொடாமல் தாளைக் கொடுக்கிறார். போன மார்க் எட்டு முதல் பத்து.

10 மார்க்குக்கு 22 நிமிடம், 5 மார்க்குக்கு 11 நிமிடம், 2 மார்க்குக்கு 4 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 161 நிமிடம். மீதி 19 நிமிடம், கேள்வித்தாளை நிதானமாகப் படிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும். இந்த வேகம் தேர்வு அறையில் திடீரென்று வராது. ஞாயிறு காலைகளில் கடிகாரம் வைத்து எழுதிய கைக்குத்தான் வரும். எம்.ஃபார்ம் சேர்க்கைக்கான ஜிபேட் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 125 கேள்வி, மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மார்க் கழிப்பும் உண்டு. கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. நான்கு வருடம் முந்தின இரவே படித்துத் தப்பித்தவர்கள் அந்தத் தேர்வில்தான் முதல்முறையாகச் சிக்குகிறார்கள், நான்கு வருடப் பாடமும் ஒன்றாக வருவதால்.

கல்லூரிகளே, இதையும் செய்யுங்கள்

மாணவரை மட்டும் திருத்திப் பயனில்லை. நேரத்தை வீணாக்கும் வேலைகள் சில கல்லூரிகளிலிருந்தே வருகின்றன. ஐந்து பாடத்தின் அசைன்மென்டுக்கும் ஒரே வாரத்தில் கடைசித் தேதி வைப்பதைத் துறைகள் கூடிப் பேசித் தவிர்க்கலாம். ரெக்கார்டில் செமஸ்டர் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதை நிறுத்தி, அடுத்த லேபிலேயே போடலாம். அப்படிச் செய்தால் காப்பி அடிக்கும் பழக்கம் பாதியாகக் குறையும். ரெக்கார்டு பக்கங்களை எண்ணுவதைவிட வைவாவில் இரண்டு ‘ஏன்’ கேட்பது நல்லது. வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் போன வகுப்பிலிருந்து மூன்று கேள்வியை மார்க் இல்லாமல் எழுதச் சொல்லலாம். செலவே இல்லாத இந்த ஒன்றினால் மாணவர்கள் தினமும் திரும்பப் பார்க்கத் தொடங்குவார்கள்.

முதலாமாண்டின் முதல் வாரத்தில் கல்லூரி விதிகளைச் சொல்கிறோம், யூனிஃபார்ம் அளவெடுக்கிறோம், ராகிங் தடுப்பு உறுதிமொழி வாங்குகிறோம். எப்படிப் படிப்பது என்று யாராவது ஒரு மணி நேரம் சொல்லித் தருகிறார்களா? பன்னிரண்டு வருடம் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். பள்ளியில் பழகியது கேள்வி-விடை உருப்போடுதல். இங்கே வேண்டியது வேறு. முதல் செஷனலில் தோற்ற மாணவரை அழைத்து ‘ஏன் ஃபெயில்?’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘எப்படிப் படித்தாய், காட்டு’ என்று உட்காரவைத்துப் பார்க்கும் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு வகுப்புக்கும் வேண்டும். செஷனலை ஒருமுறை திரும்ப எழுதி மார்க்கைக் கூட்டிக்கொள்ள விதியே இடம் தருகிறது. அந்த இரண்டாம் வாய்ப்புக்கு முன்னால் இந்த உரையாடல் நடந்தால் பல அரியர்கள் பிறக்கவே பிறக்காது.

டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமையை 1948-ம் ஆண்டு பார்மசி சட்டம் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே அளித்திருக்கிறது. கிராமத்தில் டாக்டரைப் பார்க்கப் பஸ் ஏற வேண்டியவர்களுக்கு, தெருமுனை மருந்துக் கடைக்காரர்தான் கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே மருத்துவ அறிவு. அந்த இடத்தில் நிற்கப் போகிறவருக்குத் தெரிந்தது ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று அறிந்து டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்கும் நேர்மை வேண்டும். இரண்டும் தினமும் தன்னையே சோதித்துப் படித்தவருக்கே வரும்.

எனவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டி, அடுத்த திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று மாலை இருபது நிமிடம். நோட்டை மூடிவிட்டு, இன்று வகுப்பில் நடந்ததை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். நாளையும் அதையே செய்யுங்கள். முதல் செஷனல் வருவதற்குள், எது தெரியும், எது தெரியாது என்று உங்களுக்கே திட்டவட்டமாகத் தெரிந்திருக்கும். படிப்பில் அதைவிடப் பெரிய பலம் கிடையாது.